மிளகு விளையும் வியட்நாம் கிராமத்துக்குப் போகுமுன்...

உலகச் சந்தைக்கு வரும் மிளகில் மிகப் பெரும் பங்கு இன்று வியட்நாம் நாட்டிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் மிளகு என்றால் மலபார், கூர்க், கொல்லிமலை என்று பேசிக்கொண்டிருந்த நம் மண்டிகளில் இப்போது வியட்நாம் விலையைக் கேட்காமல் யாரும் பேரத்தை முடிப்பதில்லை. அதனால் நம் வணிகர்களில் சிலர் தனியாகவும் குழுவாகவும் அந்நாட்டுக்குப் போய் வருகின்றனர். பெரும்பாலோர் சைகோன் எனப்படும் ஹோ சி மின் நகரத்தில் ஏற்றுமதியாளரின் அலுவலகத்தில் உட்கார்ந்து, தட்டில் வைத்த மாதிரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். மிளகு காயும் களத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

சரக்கின் உண்மை தெரிவது களத்தில்தான். ஆனால் நகரத்துக்குப் போகும் ஏற்பாடு வேறு. கிராமத்துக்குப் போகும் ஏற்பாடு வேறு. நகரத்தில் கையில் பணம் இருந்தால் எல்லாம் கிடைக்கும். கிராமத்தில் நமக்காகப் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தால்தான் எல்லாம் நடக்கும். நாற்பது ஆண்டுகளாக மிளகு, சீரகம் மொத்த வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையிலும், அந்த ஊர்ப் பக்கம் போய் வந்தவன் என்ற முறையிலும் சிறு வணிகர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

எதற்காகப் போகிறோம்?

இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நேரே கிராமத்தில் போய் மலிவாக வாங்கி வந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு புறப்படுபவர்கள் பயணச் செலவை மிச்சப்படுத்திக்கொண்டு வீட்டிலேயே இருப்பது நல்லது. விவசாயி இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்பவர் அல்லர். அவருடைய சரக்கு உள்ளூர் வியாபாரியிடம் போய், அங்கிருந்து சுத்தம் செய்து தரம் பிரிக்கும் ஆலைக்குப் போய், அதன் பிறகே கப்பலேறுகிறது. மேலும், இந்தியத் துறைமுகத்தில் கிலோ ரூ. 500-க்குக் குறைந்த அடக்கத்தில் வந்து சேரும் மிளகை இறக்குமதி செய்யத் தடை உண்டு. 2017 டிசம்பரில் இந்தக் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கப்பட்டது. இதற்கு மேல் சுங்க வரி, உணவுப் பாதுகாப்பு உரிமம், தாவர நோய்த் தடுப்புச் சான்று எல்லாம் இருக்கின்றன. ஆகவே கிராமத்து விலை வேறு, நம் கடைக்கு வந்து சேரும் அடக்க விலை வேறு.

பின் எதற்காகப் போக வேண்டும்? எந்த மாதத்தில் சரக்கு காய்கிறது, எத்தனை நாள் காய்கிறது, எங்கே மண் சேர்கிறது, எங்கே பொக்கு கலக்கிறது, விவசாயி கையில் எவ்வளவு இருப்பு வைத்திருக்கிறார் என்பவற்றைக் கண்ணால் பார்க்கத்தான். இவை தெரிந்தவரிடம் நம்மூர் இறக்குமதியாளரோ தரகரோ கதை சொல்ல முடியாது. பத்து மூட்டை வாங்கும் மளிகைக் கடைக்காரருக்கும் இந்த அறிவு பயன்படும்.

எப்போது போவது?

வியட்நாமின் மிளகுப் பகுதிகள் முக்கியமாக நடு மேட்டு நிலத்திலும் தென்கிழக்கிலும் உள்ளன. மேட்டு நிலத்தில் டாக் லாக், யா லாய் மாகாணங்கள் நம் வணிகர்களுக்குப் பழக்கமான பெயர்கள். அங்கே ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில் காலம். மே முதல் அக்டோபர் வரை மழை. அறுவடையின் மும்முரம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. "தெத்" எனப்படும் அவர்களுடைய புத்தாண்டு, சந்திர மாதக் கணக்குப்படி ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையில் வரும். நம் பொங்கலும் தீபாவளியும் சேர்ந்தாற்போன்ற திருநாள் அது. அதை ஒட்டி ஒரு வாரத்துக்கு மேல் கடை, வங்கி, ஆலை எல்லாம் மூடிக் கிடக்கும். பஸ், விமானம் எதிலும் இடம் இருக்காது. எனவே தெத் முடிந்து பத்து நாள் கழித்து, மார்ச் மாதத்தில் போய்ச் சேருவது உத்தமம். ஏப்ரல் 30, மே 1 ஆகிய இரு நாட்களும் அங்கே விடுமுறை.

பாஸ்போர்ட்டும் விசாவும்

பாஸ்போர்ட் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு மின்னணு விசா கிடைக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் இது 90 நாள் வரை தரப்படுகிறது. கட்டணம் ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை நுழைய 50 டாலர். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பாது. அரசு இணையதளத்தைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் வாங்கும் தனியார் தளங்கள் பல உள்ளன. அரசுத் தளத்தின் முகவரி "ஜி.ஓ.வி. புள்ளி வி.என்." என்று முடியும். இதைப் பார்த்துக்கொண்டு பணம் கட்டுங்கள். எந்த விமான நிலையத்தின் வழியாக நுழைகிறோம் என்பதையும் விண்ணப்பத்தில் சரியாகக் குறிப்பிட வேண்டும்.

நம் தமிழ்நாட்டவர்க்கு இதில் தனிச் சங்கடம், பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்குத் தந்தை பெயர் விரிவாக இருக்கும், சிலருக்குத் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும், சிலருக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். விமானச் சீட்டிலும் விசாவிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பத்தை நிரப்பினாலும், அனுப்பும் முன் ஒரு முறை நாமே எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது அவசியம்.

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் தொடங்கப்பட்டது. பறக்கும் நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறக்கூடும் என்பதால் விசாரித்துக்கொண்டு சீட்டு வாங்குங்கள். சைகோனிலிருந்து டாக் லாக்கின் தலைநகரான புவோன் மா துவோட் சாலை வழியாக ஏறத்தாழ 350 கிலோமீட்டர். உள்நாட்டு விமானமும் உண்டு. முதல் நாளே கிராமத்துக்கு ஓடாமல், சைகோனில் ஒரு நாள் தங்கிக் களைப்பாறிச் செல்லுங்கள். நகரத்தார் அங்கே கொடிகட்டி வாழ்ந்த காலத்தில் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலும், வியட்நாம் மக்களே திரளாக வந்து கும்பிடும் மாரியம்மன் கோயிலும் நகரின் நடுவில் இருக்கின்றன.

முகவரி இரண்டு வேண்டும்

2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் 63 மாகாணங்களும் மாநகரங்களும் 34 ஆகக் குறைக்கப்பட்டன. மாவட்டம் என்ற அடுக்கே எடுக்கப்பட்டுவிட்டது. மிளகுக்குப் பேர்போன பின் ஃபூக் இப்போது டோங் நாய் மாகாணத்தில் சேர்ந்துவிட்டது. டாக் நோங் என்பது லாம் டோங்கில் சேர்ந்துவிட்டது. ஊர்க்காரர்களும் வண்டி ஓட்டுபவர்களும் பழைய பெயரைச் சொல்வார்கள். அரசுத் தாள்களில் புதிய பெயர் இருக்கும். எனவே போகும் கிராமத்தின் பழைய முகவரி, புதிய முகவரி இரண்டையும் வியட்நாம் எழுத்திலேயே எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் உச்சரித்துக் கேட்டால் அங்கே யாருக்கும் புரியாது. அவர்கள் மொழியில் இராகம் மாறினால் பொருளே மாறிவிடும்.

இரவு தங்குவது பற்றி முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும், தங்க இடம் கொடுத்தவர் அந்த ஊர்ப் போலீசுக்கு 12 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஒதுக்குப்புறப் பகுதிகளில் 24 மணி நேரம். ஓட்டலில் இதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். விவசாயி வீட்டில் தங்கினால் பொறுப்பு அந்த விவசாயி தலையில் விழுகிறது. "இன்றிரவு இங்கேயே படுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் அன்பாகச் சொன்னதை நம்பிப் பதிவில்லாமல் தங்கினால், நாம் ஊருக்கு வந்துவிடுவோம். விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவே நகரத்தில் அறை எடுத்துக்கொண்டு பகலில் கிராமத்துக்குப் போய் மாலையில் திரும்புவதே எளிது. தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பாஸ்போர்ட், விசா நகல்களை முன்கூட்டியே அனுப்பி, பதிவு முடிந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கம்போடியா எல்லையை ஒட்டிய கிராமங்களுக்குத் தனி அனுமதி தேவைப்படும். அழைப்பவரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் யாருடைய ஆள்?

கிராமத்தில் ஆங்கிலம் செல்லாது. கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியை இணையம் இல்லாமலும் இயங்குமாறு பதிவிறக்கி வைத்துக்கொண்டால் சாப்பாட்டுக்கும் வழிக்கும் போதும். வியாபாரப் பேச்சுக்குப் போதாது.

பெரும்பாலும் ஏற்றுமதியாளரே தம் ஆளை உடன் அனுப்பி வைப்பார். அது மரியாதை, மறுக்க வேண்டாம். ஆனால் அவர் சம்பளம் வாங்குவது யாரிடம் என்பதை மறந்துவிடக் கூடாது. விவசாயி பத்து வாக்கியம் பேச, இவர் "நல்ல சரக்கு என்கிறார்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். நாம் கூலி கொடுத்து அமர்த்தும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கூட இருப்பது செலவு அல்ல, முதலீடு. ஈரப்பதம், பொக்கு, தூசி, லிட்டர் எடை ஆகிய சொற்களை அவரிடம் முதல் நாளே விளக்கி வைத்துவிடுங்கள்.

பணம்

வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை எடுத்துச் செல்லலாம். மீதியை வங்கியின் பயண அட்டையில் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே நுழையும்போது 5,000 டாலருக்கு மேலோ, ஒன்றரைக் கோடி டாங்குக்கு மேலோ கையில் இருந்தால் சுங்கத்தில் சொல்ல வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங். கோடீசுவரர் ஆகிவிட்டது போல் இருக்கும், கணக்குத் தடுமாறும். குறிப்பாக 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீல நிறம். ஒன்று அறுபத்தைந்து ரூபாய் பெறும். மற்றது ஆயிரத்து அறுநூறுக்கு மேல். மாலை வெளிச்சத்தில் வண்டிக்காரரிடம் நீட்டும்போது சுழியத்தை எண்ணுங்கள். இந்த இரண்டையும் பணப்பையில் வேறு வேறு அறையில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. கிராமத்தில் அட்டை செல்லாது. சிறு நோட்டுகள் தேவை.

உணவும் உடல்நலமும்

சைவ உணவு உண்பவர்கள் பயப்பட வேண்டாம். பௌத்த வழக்கத்தால் அங்கே சைவச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. "சாய்" என்று கடைப் பலகையில் எழுதியிருக்கும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் ஊர் மக்களில் பலர் சைவம் உண்பதால் அக்கடைகளில் கூட்டம் சேரும். ஆனால் சாதாரணக் கடையில் கீரைப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். "இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை வேண்டாம்" என்று வியட்நாம் மொழியில் எழுதிய அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக்குப் போகும் நாளில் பொடி, அவல், பொட்டுக்கடலை கையில் இருந்தால் நிம்மதி. கொதிக்கவைத்த நீர் அல்லது மூடி திறக்காத பாட்டில் நீர் மட்டுமே குடியுங்கள்.

டெங்கு உண்டு, காட்டை ஒட்டிய இடங்களில் மலேரியாவும் உண்டு. புறப்படுமுன் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைச் சீட்டுடன், போக வேண்டிய நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலாக, கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். பயண மருத்துவக் காப்பீடு இல்லாமல் புறப்படவே கூடாது.

மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க வேண்டாம். அங்கே வலப்பக்கப் போக்குவரத்து. நம் நாட்டில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஒப்பந்தப்படியானது. அவர்கள் ஏற்பது 1968 ஒப்பந்தப்படியானதை. உரிமம் செல்லாது என்றால் விபத்தில் காப்பீடும் கிடைக்காது.

பெட்டியில் வைக்க வேண்டியவை

ஒரு லிட்டர் அளவுக் குவளை, சிறு மின்னணுத் தராசு, ஈரப்பதமானி, பூதக் கண்ணாடி, ஒட்டி மூடும் பைகள், குறிப்புச் சீட்டுகள். பொக்கும் கனமும் அறிய ஒரு லிட்டரில் நிரம்பும் மிளகின் எடையைக் கொண்டே தரம் பிரிக்கிறார்கள். 500 கிராம், 550 கிராம் என்று அவர்கள் விலைப்பட்டியலில் வருவது இதுதான். பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரி ஆகியவற்றைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டியில் வைத்தால் நிறுத்தி வைப்பார்கள். மின்சாரம் 220 வோல்ட்தான். ஆனால் நம் மூன்று முள் பிளக் சேராது, மாற்றுப் பிளக் வேண்டும். அந்நாட்டு நேரம் நமக்கு ஒன்றரை மணி முந்தியது.

சுத்தமான செருப்பு அல்லது ஷூ ஒரு ஜோடி தோட்டத்துக்கென்றே தனியாக இருக்கட்டும். மிளகுக் கொடியை அழிக்கும் வாடல் நோய் மண் வழியே பரவுவது. தோட்டத்தில் நுழையும் முன்னும் வெளியே வந்த பின்னும் கழுவித் துடையுங்கள். நம்மில் பலருக்கு ஏற்காட்டிலும் தாண்டிக்குடியிலும் தோட்டக்காரர்கள் பழக்கம். அங்குள்ள மண்ணை அங்கேயும், இங்குள்ளதை இங்கேயும் விட்டுவிடுவதே தர்மம். கொடித் தண்டு, நாற்று, மண் எதையும் ஆசைப்பட்டு எடுத்து வரக் கூடாது. அனுமதியின்றிக் கொண்டுவருவது சட்ட விரோதம். சரக்கு மாதிரியைத் தக்க சான்றுகளுடன் ஏற்றுமதியாளர் மூலம் அனுப்பச் சொல்லுங்கள்.

கிராமத்தில்...

நம்மைப் பார்த்ததும் வயது கேட்பார்கள். கோபம் வேண்டாம். அண்ணன், அக்கா, சித்தப்பா, பெரியவர் என்று வயதுக்குத் தக்கபடி முறை வைத்து அழைப்பது அவர்கள் வழக்கம். நம் கிராமத்தைப் போலத்தான். வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். தேநீர் கொடுத்தால் குடித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். சீட்டோ பரிசோ இரண்டு கையாலும் கொடுங்கள், வாங்குங்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டு பெட்டி கொண்டு போனால் போதும். விலையுயர்ந்த பரிசு கடன் சுமத்துவது போலாகும். மதியம் சாப்பாட்டுக்குப் பின் சற்றுப் படுப்பார்கள்; அந்நேரம் கதவைத் தட்ட வேண்டாம்.

மேட்டு நிலத்தில் எதெ, யாராய் என்ற பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். இவர்களிடம் தாய்வழி உரிமை வழக்கம். சொத்து பெண் வழியே போகும். வீட்டு ஆண் வாசலில் பேசிக்கொண்டிருப்பார், முடிவு உள்ளே இருக்கும் அம்மாவுடையதாக இருக்கும். வணக்கம் அவருக்கும் முதலிலேயே சொல்லுங்கள். பானையில் மூங்கில் குழல் போட்டு அரிசி மது தருவது உபசாரம். குடிக்காதவர்கள் "மருத்துவர் வேண்டாம் என்றிருக்கிறார்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னால் வற்புறுத்த மாட்டார்கள்.

விலையைப் பற்றி எடுத்த எடுப்பில் பேசாதீர்கள். 2015-இல் கிலோ 2 லட்சம் டாங்கைத் தொட்ட மிளகு, 2020 தொடக்கத்தில் 40,000 டாங் அளவுக்கு வீழ்ந்தது. நடுவில் 2018 வாக்கில் யா லாய்ப் பகுதியில் கொடிகள் கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போயின. கடன் வாங்கி நட்டவர்கள் ஊரை விட்டே வேலை தேடிப் போனார்கள். மிஞ்சியவர்கள் காப்பிக்கும் டூரியன் பழத்துக்கும் மாறினார்கள். இன்று மிளகு வைத்திருப்பவர் அந்த அடியைத் தாங்கி நின்றவர். தினமும் கைப்பேசியில் விலை பார்க்கிறார். பிடிக்காவிட்டால் மூட்டையை வீட்டிலேயே அடுக்கி வைக்கிறார். அவரிடம் போய் ஏழை விவசாயியிடம் பேசுவது போல் பேரம் பேசினால், மரியாதையாகச் சிரித்து அனுப்பிவிடுவார்.

முன்பணம் கொடுக்கலாமா?

கூடாது. கிராமத்திலோ, அறிமுகமான "உள்ளூர் ஆள்" ஒருவரிடமோ, ஒரு டாலர் கூடக் கையில் கொடுக்கக் கூடாது. இறக்குமதிக்கான பணம் நம் வங்கி வழியாக, நம் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்ணின் பேரில்தான் போக வேண்டும். கையில் கொடுத்த பணத்துக்குச் சட்டமும் இல்லை, சாட்சியும் இல்லை. தொகை பெரிதானால் அங்கே வழக்குப் போட்டு வாங்க நம் போன்ற சிறு வணிகர்களால் ஆகாது.

சந்தேகம் நமக்கு மட்டும் உரியதன்று. 2022-இல் இத்தாலிக்கு முந்திரி அனுப்பிய வியட்நாம் ஏற்றுமதியாளர்கள் சுமார் 100 கொள்கலன்கள் விஷயத்தில் ஏமாற்றுக்காரர்களிடம் சிக்கித் தவித்தார்கள். ஆகவே அவர்களும் புதியவரைப் பார்த்தால் தயங்குகிறார்கள். நம் ஜி.எஸ்.டி. பதிவு, கடையின் புகைப்படம், சங்க உறுப்பினர் அட்டை ஆகியவற்றைக் கொண்டு போய்க் காட்டுங்கள். நாம் அவர்களுடைய நிறுவனப் பதிவைக் கேட்பதும் பிறகு இயல்பாகிவிடும்.

கடையை யாரிடம் விட்டுப் போவது?

வெளிநாட்டுப் பயணத்தின் பாதி ஏற்பாடு உள்ளூரில் செய்ய வேண்டியது. ஜி.எஸ்.டி. படிவத் தேதிகளான 11, 20 ஆகியவை பயண நாளில் விழுந்தால் கணக்கரிடம் முன்பே சொல்லுங்கள். வங்கியின் ஒருமுறைக் கடவு எண் வருவதற்காக நம் சிம்முக்கு ரோமிங் போட்டு, அதை எடுத்துவிடாமல் வைத்திருங்கள். காசோலையில் கையெழுத்திட ஒருவர், கடன் வசூலுக்கு ஒருவர் என்று எழுதி வைத்துச் செல்லுங்கள். பாஸ்போர்ட், விசா, காப்பீடு ஆகியவற்றின் நகலும், சைகோனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணும் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.

திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள், களத்தில் எடுத்த படங்களை அந்தக் குடும்பத்துக்கு அனுப்புங்கள். "சலோ" என்னும் செயலிதான் அங்கே எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. வாங்கவில்லை என்றாலும் அனுப்புங்கள். அடுத்த மார்ச்சில் "இந்த ஆண்டு விளைச்சல் எப்படி?" என்று நாம் கேட்டால் உள்ளபடியே பதில் சொல்ல, மிளகு விளையும் ஊரில் நமக்கென்று ஒருவர் இருப்பார். எந்த விலைப்பட்டியலும் தராத செய்தி அது.